நாற்பது நிமிட மாமா

என் அக்காவின் கணவரை எங்கள் குடும்பத்தில் யாரும் பொறுமைசாலி என்று சொன்னதில்லை. லிஃப்ட் வர அரை நிமிடம் ஆனால் போதும், ஐந்து மாடியையும் படியில் ஏறிவிடுவார். ஏறி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது லிஃப்ட் கதவு திறந்து நாங்கள் நிதானமாக இறங்குவோம். கல்யாணப் போட்டோவில் எல்லோரும் கேமராவைப் பார்க்க, அவர் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அக்கா கிளம்பத் தாமதமானால் வாசலில் நின்று வாயாலேயே ஹாரன் அடிப்பார். இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். "சிவப்பு விளக்குக்கு மட்டும்தான் நான் நிப்பேன். அதுவும் சட்டம் இருக்கறதால," என்பார்.

நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் செய்த காரியம் வராமல் எழுதிப் பார்த்தேன். இரண்டு தடவை பாதியில் நின்றுவிட்டது. அதனால் இந்த முறை அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முழங்கால் தேய்ந்துபோனதும் மாமாவை டிப்போவிலேயே பயிற்சி ஆசிரியர் ஆக்கினார்கள். டிப்போவின் பின்பக்கம், டயர் கிடங்கை ஒட்டி ஓர் அறை. உள்ளே பழைய பஸ் ஒன்றின் முன்பாகத்தை மட்டும் வெட்டியெடுத்து நிறுத்தியிருப்பார்கள். சீட், ஸ்டியரிங், கியர், கதவு திறக்கும் சுவிட்ச் எல்லாம் நிஜம். கண்ணாடிக்குப் பதில் மூன்று பெரிய திரை. அதில் ரோடு ஓடும். மழை பெய்ய வைக்கலாம், பனி மூட்டலாம், பிரேக்கைப் பிடுங்கிவிடலாம். டிப்போ முழுக்க வெயிலில் வேக, இந்த அறைக்கு மட்டும் ஏசி. மனிதர்களுக்காக இல்லை, மெஷின் சூடாகக் கூடாது என்பதற்காக. புதிதாகச் சேரும் டிரைவர்கள் நிஜ பஸ்ஸைத் தொடுவதற்கு முன் இங்கே நாற்பது மணி நேரம் ஓட்டியாக வேண்டும்.

சிமுலேட்டரில் யாரையாவது இடித்துவிட்டால் திரை அப்படியே உறைந்து, மதிப்பெண் குறைந்து, 'மீண்டும் தொடங்கு' என்று ஒரு பட்டன் வரும். மற்ற ஆசிரியர்கள் அந்தப் பட்டனை அழுத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். மாமா அழுத்த விடமாட்டார். நடந்ததை எந்தக் கோணத்திலிருந்தும் திரும்பப் பார்க்கும் வசதி அந்த மெஷினில் உண்டு. ரோட்டைக் கடந்த அந்த ஆளின் கண் வழியாக அதை ஓட்டிக் காட்டுவார். பஸ் பெரிதாகிக்கொண்டே வரும். பெயர்ப்பலகை, வைப்பர், கண்ணாடிக்குப் பின்னால் டிரைவரின் முகம். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. பிறகு வெளியே போய் முகம் கழுவிவிட்டு வரச் சொல்வார். ஒருவன் வாந்தியே எடுத்துவிட்டான். டிப்போ மேலாளரிடம் புகார் போனது. "பொம்மைதானே சார், அதுக்கு எதுக்கு இவ்வளவு?" என்று மேலாளர் கேட்டாராம். "பொம்மைன்னு தெரிஞ்சதாலதான் சார் அவன் பிரேக்கை லேட்டாப் போட்டான்," என்றாராம் மாமா. பொறுமையே இல்லாத மனிதர், இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் செலவழிப்பார்.

எனக்கும் பிழைப்பு சிமுலேஷன்தான். மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், ஒன்பது பேர் வேலை பார்க்கும் ஒரு சின்ன நிறுவனம். சிமுலேஷன் என்றால் விமானம், ராக்கெட் என்று கேட்பவர்கள் கண்ணை விரிப்பார்கள். நாங்கள் செய்வதில் முக்கால்வாசி வரிசைதான். ரொட்டித் தொழிற்சாலையில் சூடான ரொட்டிகள் எந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும், துறைமுகத்தில் ஒரு கிரேன் கெட்டுப்போனால் எத்தனை லாரி தேங்கும், விளையாட்டு அரங்கில் ஒரு கதவைப் பூட்டினால் கூட்டம் வெளியேற எத்தனை நிமிடம் கூடும், இப்படி. பக்கத்து மேஜைக்காரி பாலத்தின் மேல் காற்றை விட்டுப் பார்ப்பாள். எதிர் மேஜைக்காரர் ஒரு ஊரையே வெள்ளத்தில் மூழ்கடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போவார். சேதாரம் இல்லாத தொழில் என்று நாங்கள் ஜோக் அடித்துக்கொள்வோம்.

என் திரையில் மனிதர்கள் எல்லோரும் புள்ளிகள். காத்திருந்தால் மஞ்சள், வேலை முடிந்தால் பச்சை. ஒருநாள் என் லேப்டாப்பை எட்டிப் பார்த்த மாமா அன்றிலிருந்து என்னைப் புள்ளிக்காரி ஆக்கிவிட்டார்.

"உன் புள்ளிக்கெல்லாம் பசிக்குமா?"

"பசிக்காது மாமா."

"கால் வலிக்குமா?"

"வலிக்காது."

"அப்ப எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிக்கும்."

"அதான் இல்ல. ஒவ்வொண்ணுக்கும் பொறுமைன்னு ஒரு எண் குடுத்திருப்போம். அது தீந்ததும் வரிசைய விட்டுக் கிளம்பிடும்."

மாமாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "எனக்கு எவ்வளவு குடுப்ப?"

"இவருக்கு மைனஸ்ல குடு," என்றாள் அக்கா சமையலறையிலிருந்து. எல்லோரும் சிரித்தோம். மாமாதான் அதிகமாகச் சிரித்தார்.

அதற்கு அடுத்த வருடம்தான் மருத்துவமனை வேலை வந்தது. அக்கா வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் பெரிய மருத்துவமனை. வெளிநோயாளிகள் பிரிவில் நுழைந்ததும் ஒரு மெஷினில் என்ன உபாதை என்று அழுத்தி டோக்கன் எடுக்க வேண்டும். பிறகு முதல் மேஜை. அங்கே உட்கார்ந்திருக்கும் நர்ஸ் ஒவ்வொருவரையும் பார்த்து, இவரை உடனே உள்ளே அனுப்பு, இவர் காத்திருக்கலாம் என்று பிரிப்பார். அந்த மேஜையில் இரண்டு நர்ஸ்கள் இருந்தார்கள். வார்டில் ஆள் பற்றவில்லை. ஒருவரை அங்கே மாற்றிவிட்டால் முதல் மேஜை தாங்குமா? நிர்வாகம் கேட்ட கேள்வி அவ்வளவுதான்.

மூன்று நாள் ஸ்டாப்வாட்சோடு அங்கே உட்கார்ந்தோம். எத்தனை பேர் வருகிறார்கள், ஒருவரைப் பார்க்க எத்தனை நிமிடம், எல்லாம் எண்ணினோம். எண்ணாமல் விட்டது ஒன்றே ஒன்று. நர்ஸ் பார்க்கும் முன்பே எழுந்து போகிறவர்கள் எவ்வளவு நேரம் பொறுத்துவிட்டுப் போகிறார்கள் என்பது. மருத்துவமனையிடமும் அந்தக் கணக்கு இல்லை. முறையாகச் செய்வதென்றால் இன்னும் ஒரு வாரம் கேட்டிருக்க வேண்டும். அல்லது பத்து விதமான எண்களைப் போட்டு ஓட்டி, பத்து முடிவையும் காட்டியிருக்க வேண்டும். ரிப்போர்ட் கொடுக்க இரண்டு நாள்தான் இருந்தது. பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தேன். மாமா என்றால் எவ்வளவு நேரம் உட்காருவார்? அரை மணி. மற்றவர்கள் கூடக் கொஞ்சம் உட்காருவார்கள். நாற்பது என்று வைத்துக்கொள்வோம்.

நாற்பது என்று போட்டேன். போடும்போது சிரித்துக்கூட இருப்பேன்.

அந்த ஒரு எண் என்ன செய்தது என்றால், நாற்பது நிமிடம் ஆன புள்ளிகள் எல்லாம் சாம்பல் நிறமாகி எழுந்து போய்விட்டன. போனவை போனதால் வரிசை நீளவே இல்லை. வரிசை நீளாததால் ஒரு நர்ஸே போதும் போலத் தெரிந்தது. சராசரிக் காத்திருப்பு, இரண்டு நர்ஸ் இருந்தால் இருபத்திரண்டு நிமிடம். ஒருவர் இருந்தால் முப்பத்தொன்று. ஒன்பது நிமிடம்தானே வித்தியாசம் என்று நிர்வாகத்துக்குச் சந்தோஷம். ரிப்போர்ட்டின் பதினான்காம் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'பொறுமை: நாற்பது நிமிடம், ஊகம்' என்று எழுதியிருந்தேன். அதை யாரும் படிக்கவில்லை. படிக்க மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். அந்தச் சாம்பல் புள்ளிகள் எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டிருக்க வேண்டும். நானும் கேட்கவில்லை.

ஒரு நர்ஸை வார்டுக்கு மாற்றினார்கள். இரண்டு மாதம் கழிந்தது.

அன்று காலை பயிற்சி அறையில் கியரைப் பிடித்திருந்த மாமாவின் வலது கை மரத்துப் போயிருக்கிறது. உதறிப் பார்த்திருக்கிறார், சரியாகவில்லை. தானாகவே மருத்துவமனைக்குப் போனார். தலைவலி மாத்திரைக்குக்கூட நாலு நாள் அடம்பிடிக்கிற மனிதர் தானாகப் போனார் என்றால் எவ்வளவு பயந்திருப்பார். பத்தரைக்கு அக்காவின் அலுவலகத்துக்குப் போன் செய்தார். அக்கா ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள்.

"இங்க கூட்டம் தாங்கல. எவன் உக்காந்திருப்பான்?"

"பொறுமையா உக்காந்து பாத்துட்டு வாங்க. ஓடி வந்துடாதீங்க," என்றாள் அக்கா. சரி என்று வைத்துவிட்டார்.

மதியம் இரண்டு மணிக்கு டிப்போவில் பதினோரு பேருக்கு இறுதித் தேர்வு. மாமா கையெழுத்துப் போடாவிட்டால் அவர்கள் வேலையில் சேர முடியாது. தேர்வு நடந்தது, மாமாதான் நடத்தினார். பதினோரு பேரும் தேறினார்கள். நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்தவருக்குச் சட்டைப் பட்டனைக் கழற்ற முடியவில்லை. என்ன ஆச்சு என்று அக்கா கேட்டபோது வார்த்தை குழறியது. பிறகு வார்த்தையே வரவில்லை. ஆம்புலன்ஸில் அதே மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். இந்த முறை யாரும் டோக்கன் எடுக்கச் சொல்லவில்லை.

"காலைல யாராவது பாத்திருந்தா," என்று டாக்டர் ஆரம்பித்தார். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமல் விட்டார்.

வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போயிற்று. பேச்சில் ஒரே ஒரு வார்த்தை மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. 'போலாம்.' தண்ணீர் வேண்டும் என்றாலும் போலாம், வலிக்கிறது என்றாலும் போலாம், மின்விசிறியை நிறுத்து என்றாலும் போலாம். பார்க்க வந்த உறவுக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். "இப்பவும் அவசரம்தான் பாரு மனுசனுக்கு."

அக்காவால் சிரிக்க முடியவில்லை. அவருடைய சட்டைப் பையில் டோக்கன் சீட்டு இருந்தது. நூற்றுப் பதினெட்டு, நேரம் பத்து ஏழு. பத்து ஏழுக்குச் சீட்டு எடுத்தவர் பத்தரைக்குப் போனில் 'எவன் உக்காந்திருப்பான்' என்றார் என்றால், போனை வைத்த கையோடு டிப்போவுக்கு ஓடியிருக்கிறார். அக்கா இப்படித்தான் கோத்தாள். கேட்ட எல்லோருக்கும் அது பொருத்தமாகத்தான் பட்டது. மாமாவை யாருக்குத் தெரியாது?

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஐசியூ வாசலில் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னேன்: "இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்திருந்தா கூப்பிட்டிருப்பாங்கக்கா. அங்க சராசரியே முப்பத்தொரு நிமிஷம்தான். நான்தானே கணக்குப் போட்டேன்."

ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னேன். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு யார் விசாரித்தாலும், மாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "முப்பத்தொரு நிமிஷத்துல கூப்பிட்டுடுவாங்களாம். அதுகூட இவரால முடியல," என்பாள். அக்கா கெட்டவள் இல்லை. இருபத்தாறு வருடம் அவரோடு வாழ்ந்தவள். கோபப்பட அவளுக்கு யாராவது வேண்டியிருந்தது, கைக்கெட்டும் தூரத்தில் அவர்தான் இருந்தார். அவர் பதிலும் சொல்ல முடியாது.

இரண்டு மாதம் கழித்து மருத்துவமனையிலிருந்து புதிய ஃபைல் ஒன்று வந்தது. அவர்களுடைய இன்னொரு கட்டடத்திலும் ஒரு நர்ஸை எடுத்துவிடலாமா என்று பார்க்க வேண்டுமாம். எங்கள் முதல் ரிப்போர்ட் முடிந்த கையோடு வாசலில் மெஷின் வைத்திருந்தார்கள். போகும்போது டோக்கனைக் காட்டினால்தான் கதவு திறக்கும், அதனால் வெளியேறும் நேரமும் இப்போது பதிவாகியிருந்தது. பெயர் கிடையாது. டோக்கன் எண், வயது, உபாதை, வந்த நேரம், முதல் மேஜையில் பார்த்த நேரம், போன நேரம். முப்பத்தோராயிரம் வரி.

முதலில் அந்த நாற்பதைத்தான் சரிபார்த்தேன். பார்க்காமலே எழுந்து போனவர்கள் போவதற்கு முன் உட்கார்ந்திருந்தது சராசரியாக இரண்டு மணி ஐம்பது நிமிடம். நாற்பது நிமிடத்தில் எழுந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. நோயாளிகள் எழுந்து போவதில்லை. எங்கே போவார்கள்? வீட்டில் இருக்க முடியாமல்தானே வந்திருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க முப்பத்தோராயிரம் வரி தேவையே இல்லை. ஒரு மணி நேரம் அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்திருந்தால் போதும்.

பிறகு செய்யக் கூடாத ஒன்றைச் செய்தேன். பெயரில்லாத ஃபைலில் ஆளைத் தேடக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அந்தத் தேதியைப் போட்டு, நூற்றுப் பதினெட்டு என்று தேடினேன்.

ஆண், ஐம்பத்தாறு. வலது கை மரத்துப் போதல். வந்த நேரம் பத்து ஏழு. முதல் மேஜையில் பார்த்த நேரம்: காலி. போன நேரம் ஒன்று இருபத்தொன்பது.

மூன்று மணி இருபத்திரண்டு நிமிடம். அக்கா உட்காரச் சொன்னாள், உட்கார்ந்திருக்கிறார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, பயத்தினாலோ, அக்காவின் சொல்லுக்காகவோ, அந்தக் கூட்டத்தில் மரத்துப்போன கையை மடியில் வைத்துக்கொண்டு மூன்றே கால் மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார். பதினோரு பேரின் வேலைக்கு நேரமானபோதுதான் எழுந்திருக்கிறார். அத்தனை நேரமும் ஒருத்தர்கூட அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்ப இரண்டாவது நர்ஸ் இல்லை. அங்கே இருந்த நர்ஸை வார்டுக்கு அனுப்பியது நான்.

எங்கள் நிறுவன மேலாளரிடம் போய் எண் தப்பு என்று சொன்னேன். அதில் தயங்கவில்லை, அந்த ஒரு மார்க்கை எனக்குப் போட்டுக்கொள்கிறேன். அவர் எதையும் பூசி மெழுகிப் பேசுகிறவர். "தப்புன்னெல்லாம் எழுதாதம்மா. புது தகவல் வந்தது, கணக்கை மேம்படுத்தினோம்னு எழுது," என்றார். அப்படியே எழுதினேன். இரண்டே வாரத்தில் முதல் மேஜைக்கு இரண்டாவது நர்ஸ் திரும்பி வந்தார். இன்னொரு கட்டடத்தில் யாரையும் எடுக்கவில்லை. விரைவான சேவைக்கு நன்றி என்று மெயில் வந்தது. அதைப் படித்தபோது உடம்பெல்லாம் கூசியது.

ஆனால் அந்த வரியை ஒரு தாளில் அச்செடுத்து மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். பழம் வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே சொல்லிவிடுவது என்று முடிவு. அக்கா கதவைத் திறந்தாள். ராத்திரி தூங்காத முகம். அடுத்த வாரம் சொல்லலாம் என்று பழத்தை மட்டும் கொடுத்தேன். அடுத்த வாரம் மாமாவுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த வாரம் அக்காவுக்கு முதுகுவலி. சொன்னால் அக்கா உடைந்துபோவாள், ஃபைலில் தேடியது தெரிந்தால் வேலை போய்விடும், இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்று காரணத்துக்கா பஞ்சம்? நிஜமான காரணம் ஒன்றுதான். அக்கா என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடும். அதை என்னால் தாங்க முடியாது. அந்தப் பார்வையைக் காப்பாற்றிக்கொள்ள மாமாவின் பேரைக் கொடுத்துக்கொண்டிருந்தேன், வாரத்துக்கு ஒரு தடவை.

நாலு மாதம் இப்படியே போயிற்று.

போன சனிக்கிழமை காலை அவர்களோடு பிசியோதெரபிக்குப் போனேன். அங்கேயும் ஒரு சிமுலேஷன்தான். திரையில் ஒரு சமையலறை. மாமாவின் வலது மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டுவார்கள். அவர் கையை அசைத்தால் திரையிலும் ஒரு கை அசையும். டம்ளரை எடுத்து அலமாரியில் வைக்க வேண்டும். நிஜக் கை ஒரு அங்குலம் நகர்ந்தால் திரைக் கை நாலு அங்குலம் நகரும். "கொஞ்சம் ஏமாத்து வேலைதான்," என்று பிசியோதெரபிஸ்ட் எங்களிடம் ரகசியமாகச் சொன்னார். "மூளைக்கு நம்பிக்கை வரணும்ல." மாமா இதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். பத்து வருடம் சிமுலேட்டரோடு குப்பை கொட்டியவரிடமா? திரையையும் தன் கையையும் மாற்றி மாற்றிப் பார்த்து, அந்த ஆளை ஒரு முறை முறைத்தார். ஆனாலும் விடாமல் செய்வார்.

அன்று நான் ஓரமாக உட்கார்ந்து மெஷின் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பிசியோதெரபிஸ்ட் பட்டையைக் கட்டிக்கொண்டே அக்காவிடம் கேட்டார். "காலைலயே அறிகுறி இருந்திருக்கே. ஏன் இவ்வளவு லேட்டாச்சு?"

"போனாரே. போய் டோக்கனும் எடுத்தாரு. முப்பத்தொரு நிமிஷம் உக்காந்தா கூப்பிட்டுடுவாங்களாம், என் தங்கச்சியே கணக்குப் போட்டிருக்கா. அதுக்குள்ள எழுந்து ஓடிட்டாரு. எல்லாம் இவரா இழுத்து விட்டுக்கிட்டது."

மாமா திரையிலிருந்து தலையைத் திருப்பினார். இடது கையை உயர்த்தினார். மூன்று விரல்.

"போலாம்," என்றார், விரல்களை ஆட்டி.

"மூணு மணிக்குக் கிளம்பணுமா?" என்றாள் அக்கா. இல்லை என்று தலையாட்டினார். "மூணாவது மாத்திரையா? அது மதியம்தான்." இல்லை. மூன்று விரலையும் அக்காவின் முகத்துக்கு நேரே கொண்டுபோனார்.

"மூணு ரவுண்டு போதும்கறீங்களா சார்?" என்றார் பிசியோதெரபிஸ்ட்.

மாமா என் பக்கம் திரும்பினார். குடும்பத்தில் எண் புரிந்தவள் நான்தானே. எனக்காவது விளங்கும் என்று நம்பி மூன்று விரலை எனக்குக் காட்டினார். "போலாம். போலாம்." கண் கலங்கியிருந்தது.

எனக்கு விளங்கியது. பார்த்த நொடியிலேயே விளங்கியது. நான் டீயைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

கையை மெதுவாக இறக்கினார். பிறகு அன்று முழுக்க அவர் எதையும் எடுக்கவில்லை, திரையில் டம்ளர் அப்படியே இருந்தது.

சாயங்காலம் அக்கா வீட்டுக்கே திரும்பிப் போனேன். மாமா ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. பையிலிருந்த தாளை எடுத்து மாமாவின் மடியில் விரித்தேன். மடித்து மடித்து மடிப்பில் எழுத்தே தேய்ந்திருந்தது.

"மாமா அன்னிக்கு ஓடி வரலக்கா. மூணு மணி இருபத்திரண்டு நிமிஷம் அங்கதான் உக்காந்திருந்தாரு. ஒருத்தரும் கூப்பிடல. காலைல அதைத்தான் மூணு மூணுன்னு சொன்னாரு."

அக்கா துணியோடு நின்றாள். நாற்பது நிமிடத்தைச் சொன்னேன், அது யாரை நினைத்துப் போட்ட எண் என்பதைச் சொன்னேன். நர்ஸை மாற்றியதைச் சொன்னேன். ஐசியூ வாசலில் நான் சொன்ன முப்பத்தொன்று பொய்க் கணக்கு என்றேன். எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே, ஒப்பிப்பது போலச் சொல்லி முடித்தேன்.

மாமா இடது கை விரலை அந்த வரியின் மேல் வைத்து நகர்த்திக்கொண்டே வந்தார். பத்து ஏழு. காலி. ஒன்று இருபத்தொன்பது. அங்கே விரலை அழுத்தி வைத்துக்கொண்டு, நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அக்கா அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"நான் சொன்னேன்னா உக்காந்திருந்தீங்க?"

தலையசைத்தார். பாதி முகத்தால் அழுதார், மறுபாதி அசையவில்லை. அக்கா அந்த அசையாத கன்னத்தைத் துடைத்துவிட்டாள், ஈரமே இல்லாத பக்கத்தை. எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. என்னைத் திட்டினால் தேவலாம் என்றிருந்தது.

"அக்கா, நாற்பதுன்னு நான் போட்டிருக்கக் கூடாது," என்றேன்.

"கணக்கு தப்பாப் போகும். அது யாருக்கும் போகும்," என்றாள் அக்கா திரும்பாமலே. குரலில் கோபம் இல்லை. ஒரு நொடி, பிழைத்துவிட்டோம் என்றுகூட நினைத்தேன். அப்புறம் தாளின் மூலையில் அச்சான தேதியைப் பார்த்தாள். விரலை மடக்கி மாதங்களை எண்ணினாள்.

"நாலு மாசமாத் தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"காலைல கூட அந்த ஆளு முன்னாடி இவரைச் சொன்னேன். நீ பக்கத்துல உக்காந்து டீ குடிச்சிட்டிருந்த."

ஆமாம். குடித்துக்கொண்டுதான் இருந்தேன்.